காளியம்மை அளந்த அரிசி

தலைமை நாற்காலியைத் தளராமல் காத்துவரும் மதிப்பிற்குரிய லக்ஷ்மிநாராயணன் அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக அமர்ந்திருக்கும் செயற்குழுச் செம்மல்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் அன்னையர்களே! சுள்ளிக்கல்லிலிருந்து நடந்தே வந்திருக்கும் நண்பர்களே! முன்னால் இத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தும் பின்சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் நகரசபைத் தொழிலாளத் தோழர்களே, தோழியர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த எளியவனின் வணக்கம். பின்னால் நிற்கிறவர்களுக்கு இன்னொரு முறை வணக்கம்.

நான் வெங்கிடேஸ்வரன். வெங்கிட்டு என்றால்தான் உங்களுக்குத் தெரியும். கொச்சங்காடியில் ஓர் அரிசிக் கிடங்கில் கணக்கெழுதுகிறவன். மட்டாஞ்சேரித் தமிழர் நலச் சபையின் இந்த 1998ஆம் ஆண்டு விழாவில் எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 'சிக்கனமே சிறப்பு.' வாரச் சமையலை முன்கூட்டியே திட்டமிட்டு, கைக்காசுக்குள் கடைச்சாமான் வாங்குவது எப்படி என்று இந்தத் தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

யாருக்கு? இவர்களுக்கா? இருக்கிற இரண்டு வெங்காயத்தை ஏழு நாளைக்கு நீட்டுகிறவர்களுக்கா? பழைய சாதத்தைத் தோசையாக்கி, மிஞ்சிய தோசையை உப்புமாவாக்கி, அதையும் 'புதுப் பலகாரம்' என்று கணவனை நம்பவைக்கிறவர்களுக்கா? சிரிக்காதீர்கள் அழகர் அண்ணாச்சி, நேற்று நீங்கள் சாப்பிட்டதும் அதுதான்! மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் அதைச் செய்ய வரவில்லை. கோபப்பட வந்திருக்கிறேன்.

இந்த ஊரில் அதிக விலை கொடுத்து அரிசி வாங்குகிறவன் யார் தெரியுமா? பங்களாக்காரனா? இல்லை. அவன் சாக்காக வாங்குகிறான், சகாயமாக வாங்குகிறான். அன்றைய கூலியை அன்று மாலை வாங்கி, கடைவாசலில் நின்று, காகிதப் பொட்டலத்தில் ஒரு கிலோ வாங்குகிறானே, அவன்தான் ஐயா அதிக விலை கொடுக்கிறவன்! ஏழை வாங்கும் அரிசிதான் ஏறிய விலை அரிசி. எங்கள் கிடங்கு அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கிடங்கில் முழுச் சாக்குத்தான் கொடுப்போம். முழுச் சாக்குக்கு அவன் எங்கே போவான்?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். நம் தலைவரின் துணைவியார் கங்கா மாமி ஒருவர். நகரசபைத் துப்புரவுப் பணியில் இருக்கும் காளியம்மை மற்றொருவர். எங்கே கண்டுபிடித்தார்கள்? இந்த மண்டபத்திலா? தீர்மானம் போட்டா? தண்ணீர்க் குழாயடியில், குடம் நிறையக் காத்திருந்தபோது!

"எந்தா காளியம்மை, நாளைக்கு என்னாக்கும் உங்காத்துல சமையல்?" என்று மாமி கேட்டாராம்.

"நாளைக்குள்ளது நாளைக்கல்லே தெரியும் மாமி. கையில என்ன வருதோ அதுதான் சமையல்."

"எங்காத்துலயும் அதே கதைதான். எல்லா ஆத்துலயும் சேர்ந்து ஒரு சாக்கு எடுத்தா என்ன?"

அவ்வளவுதான். குழாயடிக்கு இந்தப் பக்கத்துத் தெரு வீடுகளும் அந்தப் பக்கத்து நகரசபைக் குவார்ட்டர்ஸ் வீடுகளும் சேர்ந்தன. பருப்பும் தேங்காயும் போட்டு மொளகூட்டல் சமைக்கிற வீடும் மத்தி மீன் குழம்பு வைக்கிற வீடும் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் வரும் வாரத்துச் சமையலை முடிவு செய்வார்கள். சனிக்கிழமை எங்கள் கிடங்கில் சாக்கு எடுப்பார்கள். ஞாயிறு காலையில் பங்கு. அரிசி மட்டுமா? பருப்பு வந்தது, மிளகாய் வந்தது, முழுச் சேனை வந்தது, முழு இளவன் வந்தது. இளவன் என்றால் சாம்பல் பூசணிதான். கீற்றாக வாங்கினால் கையைக் கடிக்கும். முழுசாக வாங்கினால் மலிவு, ஆனால் ஒரு வீடு தின்று தீர்ப்பதற்குள் வெட்டிய காய் அழுகிவிடும். சேர்ந்து வாங்கினார்கள், அழுகவில்லை.

திருச்சூரிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தான், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் இளவன் மொளகூட்டல். மாலையில் அடுத்த வீட்டு வைத்தீஸ்வரனைப் பார்க்கப் போனான், அங்கே இளவன் ஓலன். அழகர் அண்ணாச்சி வீட்டில் கிரிக்கெட் பார்க்கப் போனான், அங்கே அடுப்பில் இளவனும் உலர்ந்த இறாலும் கொதிக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கேட்டான்: "என்ன அத்திம்பேர், இந்தத் தெருவுக்கே இளவன் பைத்தியமா?" பைத்தியம் இல்லையடா, பக்குவம்! ஒரு தெருவே கூடி உட்கார்ந்து உலை வைத்த பக்குவம்!

காளியம்மையின் கணவர் சுடலைமுத்து ஒருநாள் கிடங்கு வாசலில் என்னிடம் சொன்னார்: "சாமி, நாளைக்கு என்ன கறின்னு இப்பெல்லாம் எங்க வீட்டுல இன்னிக்கே தெரியும்." அதைச் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாளைய உணவை இன்றே அறிவது உங்களுக்கும் எனக்கும் பெரிதா? அவருக்கு அது பெரிது ஐயா!

சரி, அந்தச் சாக்கை எங்கே பிரித்தார்கள்? முதலில் இந்த மண்டபத்தைத்தான் கேட்டோம். தரை அழுக்காகும் என்றது சபை. அரிசி சிந்தினால் தரை அழுக்காகுமாம்! எந்த ஊர் இலக்கணம் இது? பிறகு வைத்தீஸ்வரன் வீட்டுக் கூடத்தில் அளந்தார்கள். ஒருவருக்கு அளவுநாழி குவிந்தது, இன்னொருவருக்குக் குழிந்தது. மூன்றாவது வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. அப்புறம்தான் காளியம்மை தன் குவார்ட்டர்ஸ் முன்னறையைக் கழுவிவிட்டுக் கூப்பிட்டார். சாக்கைப் பிரித்தார், நாழியை நிரப்பினார், உள்ளங்கையால் தலை தட்டி வழித்தார். யாருக்கும் கூடவில்லை, யாருக்கும் குறையவில்லை. இரண்டு வருஷம் ஒரு முணுமுணுப்பு உண்டா? சொல்லுங்கள், உண்டா?

"இல்லை" என்கிறார்கள் அம்மாக்கள். நன்றி, தாயே.

பின்னே ஏன் இப்போது வம்பு? சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். தலைவர் அவர்கள் ஏன் நாற்காலியில் நெளிகிறார் என்று நீங்களும் கேட்கக் கூடாது. வந்தவர்கள் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பிள்ளையின் அத்தை இரண்டாம் முறையும் சாதம் கேட்டு வாங்கினாராம். "சாதம் மல்லிப்பூவாட்டமா இருக்கே, அரிசி எங்கே வாங்கறேள்?" என்றாராம். அந்த வீட்டம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "காளியம்மை அளந்து தரா. முனிசிபாலிட்டி குவார்ட்டர்ஸ்ல இருக்கா" என்றார்.

அத்தை எழுந்தார். கொல்லைக்குப் போனார். வாய் கொப்பளித்தார். கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து என்ன செய்தார்? பாயசம் குடித்தார்! அந்தப் பாயசத்து அரிசியும் அதே கை அளந்ததுதானே? தீட்டு சாதத்தோடு நின்றுவிட்டது, வெல்லம் போட்டதும் ஓடிவிட்டது!

சிரித்தது போதும். இதற்குப் பிறகு நடந்தது சிரிப்புக்குரியது அல்ல. சம்பந்தம் நிச்சயமாயிற்று. நிச்சயமான சில நாளில் நம் செயற்குழு கூடித் தீர்மானம் போட்டது. 'நிர்வாக வசதியை முன்னிட்டு அரிசி இனி இரண்டு இடங்களில் தனித்தனியே அளக்கப்படும்.' நிர்வாக வசதி! ஆகா, எத்தனை நாகரிகமான சொல்! தீட்டு என்று எழுதக் கூசிய பேனா, வசதி என்று எழுதியது. சாதி என்ற சொல் அந்தத் தீர்மானத்தில் ஒரு வரியிலும் இல்லை. சாதியைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை!

இதோ என் தலைக்கு மேலே தொங்குகிறது பதாகை. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்று மலையாள எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்த எழுத்தில் எழுதினால் என்ன, தலைவரே? எழுதிய கையே கிழிக்கிறதே!

இரண்டு இடத்தில் தனித்தனியே அளக்க இரண்டு சாக்கு வேண்டும், சாக்கைப் பாதியாக்க முடியாது. அரைச் சாக்கு கேட்டால் என் முதலாளி என்னையே துரத்துவார். வாரம் ஒரு சாக்கெடுக்க இந்தப் பக்கத்து வீடுகள் தனியே போதாது, அந்தப் பக்கத்து வீடுகளும் போதாது. ஆக, இரண்டு பக்கமும் மறுபடி கடைவாசலுக்கு, மறுபடி காகிதப் பொட்டலத்துக்கு! தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் தெருவை எங்காவது கண்டதுண்டா? கங்கா மாமி, நீங்கள் தலை குனிய வேண்டாம். நீங்கள் தொடங்கிவைத்தது உங்களைக் கேட்காமலே கலைக்கப்பட்டது.

என்ன? தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'மதிடா வெங்கிட்டு, போதும், விஷயத்துக்கு வா.' இதைவிட விஷயம் என்ன இருக்கிறது, பெரியவரே? வாரச் சமையல், வரவு செலவு, சிக்கனம்! உங்கள் தலைப்பை விட்டு நான் ஓர் அங்குலம் விலகவில்லை. விலகியது நீங்கள்.

நான் நாள்தோறும் அரிசியோடு கிடப்பவன், கேளுங்கள். ஆந்திரத்து வயலில் நாற்று நட்டவள் எந்தக் குலம்? அறுத்தவன் எந்தக் குலம்? ஆலையில் அவித்தவன், காய வைத்தவன், லாரியில் அடுக்கியவன் எந்தக் குலம்? எங்கள் கிடங்கில் சாக்கை முதுகில் சுமந்து இறக்குகிறானே, அவன் வியர்வை சாக்கின் மேல் சொட்டுவதை நான் கண்ணால் பார்க்கிறேனே, அவனுடைய ஜாதகத்தை வாங்கிப் பார்த்தீர்களா? எத்தனையோ கை தொட்ட அரிசியில் கடைசிக் கைக்கு மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்? அந்தக் கையை உங்களுக்குத் தெரியும், அதனால்தான். தெரியாத கைக்குத் தீட்டில்லை. விடிவதற்கு முன்னே உங்கள் வாசலைக் கூட்டுகிற கை அது. கூட்டட்டும், ஆனால் அளக்கக் கூடாது. இதுதானே உங்கள் நிர்வாகம்? இதுதானே உங்கள் வசதி?

வெட்கமாக இருக்கிறது. எனக்கு என் மனிதர்களை நினைத்து வெட்கமாக இருக்கிறது!

அழைப்பிதழில் அடுத்த நிகழ்ச்சியைப் பாருங்கள். 'திருமதி காளியம்மைக்குப் பொன்னாடை. அதனைத் தொடர்ந்து நாழி ஒப்படைப்பு.' அதாவது தோளில் பட்டைப் போட்டு, கையிலிருந்து நாழியைப் பிடுங்குவது. அந்தப் பொன்னாடையைப் போர்த்தும் பெருமையும் எனக்கே தந்திருக்கிறார்கள். நான் போர்த்த மாட்டேன். இதோ, மடித்து மேசைமேல் வைக்கிறேன். குளிர்கிறவர்கள் போர்த்திக்கொள்ளுங்கள்.

காளியம்மை அவர்களே! பின்சுவரோரம் நிற்கிறீர்கள், தெரிகிறது. உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை அச்சடித்துவிட்டார்கள். இப்போது நான் கேட்கிறேன். நாழியைக் கொடுக்கப் போகிறீர்களா? கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சத்தான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினேன்.

அமைதி! அவர் ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கள், தாயே. சலசலப்பு வேண்டாம், முன்வரிசை!

"நாழி நான் கொண்டே வரல்ல சாமி. வீட்டுல இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமையல்லே, அரிசி அளக்கணுமே. அது சபைக்கு உள்ளதில்ல, எல்லா வீடும் சேர்ந்து வாங்குனது. வேணும்னா எல்லா வீட்டுக்காரங்களும் என் வாசலுக்கு வரட்டும். வந்து நின்னு, 'காளியம்மை, நாழியத் தா'ன்னு அவங்கவங்க வாயால கேக்கட்டும். தரேன்."

கேட்டீர்களா, செயற்குழுச் செம்மல்களே? கேட்டீர்களா, தலைவரே? எந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டீர்களோ, அந்த வாசலுக்குப் போய்த்தான் அதை வாங்க வேண்டும்! யார் முதலில் போகிறீர்கள்? ஏன் ஒருவரும் எழுந்திருக்கவில்லை?

நான் போகிறேன். நாழி கேட்க அல்ல, அரிசி வாங்க. கங்கா மாமி, எழுந்துவிட்டீர்களா? இப்போதே இல்லை மாமி, நாளைக் காலையில்! ஆனால் எழுந்தது எழுந்ததாகவே நில்லுங்கள். பின்னால் இருக்கிறவர்களும் பார்க்கட்டும்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. பொறுக்க முடியாமல் சிவந்த முகங்களுக்கும் நன்றி. சிக்கனமாகப் பேசச் சொன்ன சபைக்கும் நன்றி. தாய்மார்களே, நாளைக்குப் பையை மறந்துவிடாதீர்கள். அனைவருக்கும் வணக்கம்.