சத்தம் நின்ற வண்டி

காரில் பிரேக் கீச்சிட்டால் யாரும் எரிச்சல்படக் கூடாது என்பது என் கட்சி. பிரேக் பேட் தேய்ந்துபோனால், அதன் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். பேடை மாற்று என்று அர்த்தம். என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்திருக்கிறது.

தம்பியின் கார் கொஞ்ச நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் என் மகள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு, "சித்தப்பா வந்தாச்சு" என்று வாசலுக்கு ஓடுவாள். என் வண்டி சத்தமில்லாமல் வரும். நான் செருப்பைக் கழற்றி, கை கழுவி, தொண்டையைச் செருமினால்தான் திரும்பிப் பார்ப்பாள். "ஓ, நீயாப்பா" என்பாள். அந்த "ஓ"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காய்ச்சலில் கண்விழிப்பது நான், முத்தம் வாங்குவது அவன். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். "கூடப்பிறந்தவன் மேலயே பொறாமையா? வெளில சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் மூச்சு விடவில்லை.

பட்டறைக்கு அவன்தான் வந்தான். "அண்ணா, இந்தச் சத்தம் மானத்த வாங்குது. எப்படியாவது நிறுத்திக் குடுண்ணா."

நிறுத்திக் கொடுத்தேன். பேடை மாற்றவில்லை. அந்தத் தகடுகளை மட்டும் இடுக்கியால் மடக்கிவிட்டு, புது பேட் போட்டாச்சு என்றேன். அவன் என் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சத்தம் போனால் மகள் தட்டை விட்டு எழமாட்டாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் தம்பி போன் செய்தான். "மிதிச்சா கரகரங்குதுண்ணா." பேட் முழுக்கத் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று எனக்குப் புரிந்தது. "புதுசுல அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாகிடும்" என்றேன். "நீ சொன்னா சரிண்ணா" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அவனும் என் மகளும் மலைக்குப் போனார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. தம்பி அங்கேயே போய்விட்டான். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்னும் கண் திறக்கவில்லை.

அவளும் கூடப் போகிறாள் என்று எனக்குத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியும். நீயும் வாப்பா என்று ஒப்புக்காவது அவள் கூப்பிட்டிருக்கலாம். தடுத்திருந்தால் அழுதிருப்பாள், அப்போதும் நான்தான் கெட்டவன். அதனால் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். கண் திறந்ததும் இதை மட்டும் யாராவது அவளிடம் சொல்லுங்கள். பெல்ட் போட்டுவிட்டது அப்பா. சித்தப்பாவுக்கு அது தோன்றவே இல்லை.