ஆனைப் பெட்டியில் ஒரு வரி

உப்புத்தாளை எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். வார்னிஷ் அடித்த பிறகு அந்தக் கீறல் இன்னும் நன்றாகத் தெரியும். இதை என் வலைப்பூவில் முன்பே எழுதியிருக்கிறேன். ஆனாலும் புதிதாக வருபவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் என் வயிற்றுக்குள் ஒரு தட்டான்பூச்சி எழும்பிப் பறக்கிறது. அந்தப் பறப்புக்காகவே நான் எதையும் செய்வேன் என்று தோன்றும்.

இன்றைய கேள்வி உப்புத்தாளைப் பற்றியது அல்ல. தாளவாடிப் பக்கத்திலிருந்து முருகேஷ் அண்ணன் கேட்டிருக்கிறார். என் பதிவைப் பார்த்தே ஆனைப் பெட்டி ஒன்றைச் செய்து முடித்துவிட்டார். மரவேலை, ஈயப்பற்று, நிரல் எல்லாம் நான் போட்டது போட்டபடி. "தம்பி கலைவாணா, பெட்டி ஜோரா வேலை செய்யுது. ஆனா ஆனை வந்தது தெரிஞ்சப்புறம் சைரன் கூவறதுக்கு முன்னால புரோகிராம்ல ஒரு டிலே வெச்சிருக்கியே, அது எதுக்குப்பா?" என்கிறார்.

அருமையான கேள்வி. இத்தனை பேர் அந்த நிரலை எடுத்துப் போயிருக்கிறார்கள், ஒருவரும் அந்த வரியைக் கவனிக்கவில்லை. கவனித்துப் படிக்கும் ஒருவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்வது மரியாதை இல்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. பகலில் பாலக்கோட்டில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையின் பாதி என் பட்டறை, மறுபாதியில் மாடு. மாடு அசைபோடும், நான் இழைப்புளி தள்ளுவேன். கை ஓயும்போது மொழிபெயர்ப்பு நாவல் ஏதாவது படிப்பேன். பனியில் ரயில் நின்றுவிடும், யாரோ ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் நடந்து வருவார். அந்த மாதிரி நாவல்கள். படித்து முடித்ததும் எனக்கும் இந்த உலகத்துக்கு ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும் போலிருக்கும்.

முதலில் காட்டியது, விடிந்ததும் தானே திறக்கும் கோழிக்கூட்டுக் கதவு. வீட்டில் அதைப் பார்த்து, "கையில தொறந்தா கோழி வெளிய வராதாமா?" என்றார்கள். வலைப்பூவில் போட்டேன். யாரென்றே தெரியாத ஒருவர், "பிரமாதம் தோழரே" என்று எழுதினார். அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் நின்றபடியே தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். தக்காளிக் கூடையோடு பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

இனி ஆனைக்கு வருகிறேன். ராகிக் கதிர் முற்றும் காலத்தில் மலையிலிருந்து ஆனைகள் இறங்கும். அறுத்துப் போர் போட்டு வைத்தால் அதற்கும் வரும். அதனால் எங்கள் ஊரில் நிலத்துக்கு நிலம் மரத்தின் மேல் பரண் இருந்தது. காவலுக்கு இருப்பவர் அவ்வப்போது "ஓஓ" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்த பரணிலிருந்து ஒரு குரல் வரும், அதற்கு அடுத்ததிலிருந்து இன்னொன்று. ஒரு பரணிலிருந்து பதில் வரவில்லையென்றால் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு நான்கு பேர் போய்ப் பார்ப்பார்கள். பெரும்பாலும் காவல்காரர் தூங்கியிருப்பார். ஊரே வருடம் முழுக்க அவரைக் கேலி செய்யும்.

மலைக்கு மிக அருகில் இருந்தது மாது மாமாவின் நிலம். சொந்த மாமா இல்லை, ஊர் முறையில் மாமா. அவர் பரண் ஒரு புளியமரத்தின் மேல் இருந்தது, வேங்கைப் பலகை போட்டது. என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்னா விஞ்ஞானி, மாட்டுக்கு எப்பப்பா லைட்டு போடப்போற?" என்று கேட்பார். அவரிடம்தான் முதன்முதலில் ஆனைப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஆனை வரும் தடத்தில் அதிர்வை அறியும் கருவியைப் புதைப்பது, மாட்டின் நடையையும் ஆனையின் நடையையும் நிரல் பிரித்தறிவது, ஆனை என்றால் சைரன் கூவுவது, கூடவே இருட்டிலும் பார்க்கும் ஒரு கேமரா நடப்பதை அப்போதே வீடியோவாக என் போனுக்கு அனுப்புவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏங்கண்ணு, பொட்டி தூங்கிப்புடாதே?"

"தூங்காது மாமா."

"எனக்கு முட்டி வலி. மரம் ஏற முடியல. பொட்டிக்கு முட்டி இல்ல பாரு, அது போதும்."

அவர் மனைவி தீர்த்தம்மாள் அத்தை முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா ராவானா மரத்துல குடியிருந்த மனுசன். இனிமே வூட்டுல வந்து என்னாத்த பண்ணப்போறாரு? பொட்டியவே வூட்டுக்கு அனுப்பு, அவரு அங்கியே இருக்கட்டும்" என்றார். மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பெட்டிக்கு நல்ல மரம் வேண்டியிருந்தது. பரண் பலகையைக் கேட்டேன். "பொட்டி கூவும்போது பரண் என்னாத்துக்கு, பிரிச்சு எடுத்துக்க" என்றார். மழையிலும் வெயிலிலும் ஊறிய வேங்கை அது. இழைப்புளி ஓட ஓட உள்ளிருந்து தேன் நிறம் வந்தது. அந்த நிறத்தை உங்களுக்குப் படம் எடுத்துப் போட்டேன், ஞாபகம் இருக்கும். அந்தப் பதிவுக்குத்தான் பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் கணினி மொழிபெயர்த்த தமிழில், "உங்கள் மரம் மிகவும் மகிழ்ச்சியாக உள்ளது" என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டிடம் போய்ச் சொன்னேன்.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. ஆனை தடத்தில் கால் வைத்ததும் கூவியது, ஆனை திரும்பிவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி கூவியது, மறுபடி திரும்பியது. சைரன் ஊருக்கே கேட்டதால் மற்றவர்களும் பரணிலிருந்து இறங்கி வீட்டில் படுத்துக்கொண்டார்கள். பரணுக்குப் பரண் குரல் கொடுக்கும் வழக்கம் நின்றுபோனது. ஊருக்கு அந்த அளவுக்கு நிம்மதி.

எனக்கு மட்டும் ஒரு சிறு குறை. கேமராவில் ஆனை விழவில்லை. சைரன் கேட்ட கணமே திரும்பிவிடுகிறதே. எனக்குக் கிடைத்ததெல்லாம் தூசியும் ஒரு வாலும்தான். அதை வலைப்பூவில் போட்டேன். ஓசூரிலிருந்து ஒருவர், "வால் மட்டும் தனியா வந்துச்சா தலைவரே? முன்னாடி இருந்தது எருமையா இருக்கப்போவுது" என்று எழுதினார். அதற்குக் கீழே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

முருகேஷ் அண்ணா, நீங்கள் கேட்ட வரி அதற்கு அடுத்த நாள் பிறந்தது. நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில், "ஆனைதானா என்று உறுதிசெய்ய" என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். அது முழுப் பொய் அல்ல. படத்தில் பார்த்தால் உறுதியாகிவிடும் அல்லவா.

முதலில் ஒரு தும்மல் போடும் நேரம் அளவுக்குத்தான் தாமதம் வைத்தேன். ஆனையின் பின்பாதி கிடைத்தது. ஒருவர் வேட்டியை அவிழ்த்துக் கட்டும் நேரம் வைத்தேன். காது வரைக்கும் கிடைத்தது. ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கும் நேரம் வைத்தேன். முழு ஆனை கிடைத்தது. தும்பிக்கையால் ராகித் தாளைப் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதிர்த்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோலத் தன் வாயிலேயே ஊட்டிக்கொண்டது. ஓசூர்க்காரர் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டார். நான் கொட்டகையில் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். மாடு பொறுத்துக்கொண்டது.

அந்தத் தாமதத்தில் மாது மாமாவுக்கு இரண்டு பாத்தி ராகி போனது. வருத்தப்பட்டார், ஆனால் என்னைக் குறை சொல்லவில்லை. "பொட்டி இப்பல்லாம் கொஞ்சம் நெதானமாத்தான் கூவுது கண்ணு" என்றார். "பேட்டரி மாமா, பாத்துக்கறேன்" என்றேன். "வயசானா அதுவும் நம்மளாட்டம்தான்" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

அறுவடை முடிந்தது. நிலத்து மூலையில் ராகிப் போர் போட்டார்கள். போர் காய்கிறவரை மாமா அதன் பக்கத்திலேயே தரையில் வைக்கோலைப் பரப்பிப் படுத்துக்கொள்வார். ஏறிக்கொள்ளப் பரண் இல்லை, பெட்டி இருக்கிறது.

அன்று விடியும் நேரத்தில் போன் அதிர்ந்தது. திறந்து பார்த்தேன். நான் படித்த எந்த நாவலிலும் அப்படி ஒரு காட்சி வந்ததில்லை. பனி முழங்கால் உயரத்துக்குப் பால்போலப் படர்ந்திருக்கிறது. கிழக்கிலிருந்து முதல் வெளிச்சம் வந்து போரின் உச்சியை மட்டும் பொன்னாக்கியிருக்கிறது. பனிக்குள்ளிருந்து தாய் ஆனை வருகிறது, அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. குட்டி தன் தும்பிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறுகிறது. படத்தின் கீழ் மூலையில், வைக்கோல் நிறத்தில், போர்வை போர்த்திய மாது மாமா.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தாமதத்துக்குக் காத்திராமல் உடனே சைரனைக் கூவ வைக்கவும் வழி செய்திருந்தேன். போன் திரையில், படத்துக்கு நேர் கீழே, 'கூவு' என்று ஒரு பொத்தான். உங்கள் நிரலிலும் அது இருக்கிறது. நன்றாகவே வேலை செய்யும்.

என் கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது. அழுத்தினால் ஆனை திரும்பிவிடும், குட்டி ஓடிவிடும், பனி கலைந்துவிடும். ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணினேன் என எழுதலாம். எழுதினால் நம்புவீர்கள். ஆனால் கவனித்துப் படிக்கிற ஒருவருக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். குட்டி போரைச் சுற்றிக்கொண்டு மாமாவின் பக்கம் போனதைப் பார்த்தேன். தாய் ஆனை தலையைத் தூக்கியதைப் பார்த்தேன். மாமா விழித்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவர் ஓடவில்லை, பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அது கூவும் என்று காத்திருந்தார். நான் விரல் தவறிப் பட்டுவிடக் கூடாதே என்று கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பெட்டி கூவியது, நான் சொல்லிவைத்திருந்த நேரத்துக்கு.

வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். பெட்டி கூவியதா என்று கேட்டார்கள். கூவியது என்று ஊரே சொன்னது. ஊர் பொய் சொல்லவில்லை. தீர்த்தம்மாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பொட்டி கூவலைன்னா அவரு கெடக்கறது எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்குமோ கண்ணு" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது உண்மையான அழுகைதான்.

வீடியோவின் பிற்பகுதியை வெட்டிவிட்டேன். அதையெல்லாம் போடக்கூடாது என்ற நாகரிகம் எனக்கு உண்டு. முன்பகுதியை மட்டும் போட்டேன். அதற்கு நடந்ததுதான் உங்கள் எல்லோருக்கும் தெரியுமே. வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் மொழியில் எழுதினார்கள், ஒருவர் அந்தக் குட்டியை ஓவியமாகவே வரைந்து அனுப்பினார். போன் என் சட்டைப் பையில் ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருந்தது, நெஞ்சில் ஒரு கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு நடப்பதுபோல. துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அது சிலிர்த்தது. மூலையில் இருப்பது என்ன என்று ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். ராகி மூட்டை என்று பதில் எழுதினேன். நன்றி சொன்னார்.

முருகேஷ் அண்ணா, அந்த வரி எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். பெட்டி செய்த மற்றவர்களும் எடுத்துவிடலாம். நான் எடுக்கப்போவதில்லை. இவ்வளவு அழகு உலகத்தில் இருக்கிறது, அதைக் கூவி விரட்டுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அதை ஒரு குற்றமாக நீங்கள் பார்த்தால் அது குற்றம்தான்.

இந்த வருடமும் ராகி நன்றாக வந்திருக்கிறது. மாமா இல்லாததால் தீர்த்தம்மாள் அத்தைதான் போர்க் காவலுக்குப் படுக்கப்போகிறார். நேற்று வந்து, "பொட்டிய எடுத்துட்டுப் போயிடாத கண்ணு, அத நம்பித்தான் நான் ஒண்டியா போறேன்" என்றார். கவலைப்படாதீர்கள் அத்தை என்றேன். இன்னும் நல்ல கேமராவாக மாற்றி வைத்திருக்கிறேன். பாலக்கோட்டில் தேடி அவருக்கு ஒரு புதுப் போர்வையும் வாங்கிக் கொடுத்தேன், நல்ல சிவப்பில். பனியிலும் வைக்கோலிலும் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது வேறு விஷயம். நான் வாங்கியது, வயதானவருக்குக் குளிரக்கூடாதே என்ற ஒரே எண்ணத்தில்தான்.