தலைமுடிக்கு இஸ்திரி போடமாட்டேன்

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! முதியோர் மாலை வகுப்பில் என் முரட்டு விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்த ஆசிரியப் பெருமக்களே! என்னிலும் மூத்த பெரியோரே! பிள்ளைகளைச் சீவிச் சிங்காரித்து அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! இந்த இஸ்திரிக்காரனின் பணிவான வணக்கம்.

சான்றிதழ் தருமுன், படிக்கக் கற்ற மகிழ்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மகிழ்ச்சி மலையளவு! பெயர்ப்பலகையைக் கண்டால் நிற்கிறேன். மருந்துச்சீட்டைக் கண்டால் மலர்கிறேன். பேத்தியின் அறிவியல் புத்தகத்தையும் விட்டேனா? எழுத்துக் கூட்டி, "பூ... ரதம்" என்று படித்தேன்.

"ஐயோ தாத்தா, ரதமும் இல்ல, தேரும் இல்ல. புரதம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரியுங்கள், நீங்களும் சிரியுங்கள். இதற்கு மேல் சிரிப்பு இல்லை.

நேற்று அதே பேத்தி என் இஸ்திரி மேசையில் தலையைச் சாய்த்து, முடியை விரித்துப் போட்டாள்.

"தாத்தா, பெட்டி சூடா இருக்கா? இதையும் நேராக்கிடு."

"என்னடி கண்ணு, இது என்ன கூத்து?"

"சுருட்டை முடி ஒழுங்கா இல்லையாம். நேராக்கிட்டு வந்தாதான் நாளைக்கு விழாவுல பாட விடுவேன்னு தலைமையாசிரியை சொல்லிட்டாங்க."

ஒழுங்கு இல்லையா? எது ஒழுங்கு? எவர் வகுத்த ஒழுங்கு? முடி என்பது புரதம் என்று நடத்தியது இந்தப் பள்ளிதானே! அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த சங்கிலி அது. மணிகளின் வரிசைதான் புரத அமைப்பின் முதல் நிலை. எழுத்து வரிசை மாறினால் சொல்லே மாறிவிடுமே, அப்படி! அந்தச் சங்கிலி சுருளும், அல்லது விசிறிபோல் மடியும். அது இரண்டாம் நிலை. மேலும் மடிந்து முழு உருவம் கொண்டால் மூன்றாம் நிலை. பல சங்கிலிகள் கைகோத்துக் கூடினால் நான்காம் நிலை.

யாரது பின்னால், "பெரியவரே, விழாவுல பாடமா?" என்பது? பள்ளியில் பேசாமல் பாடத்தைச் சந்தையிலா பேசுவேன்?

முடியின் புரதம் எது தெரியுமா? சுருளும் புரதம்! அம்மையாரே, உங்கள் நேரான கூந்தலுக்குள்ளும் இருப்பது சுருள்! என் பேத்தியின் சுருள் வெளியே தெரிகிறது. உங்கள் சுருள் உள்ளே ஒளிந்திருக்கிறது. வகுப்பறையில் மதிப்பெண் வாங்கும் சுருள், மேடையில் மட்டும் குற்றமா?

காலமெல்லாம் சுருக்கம் எடுத்தவன் நான். சட்டையில் எடுப்பேன், திரைச்சீலையில் எடுப்பேன். குழந்தையின் தலையில் எடுக்கமாட்டேன்! சூடு வைத்த முடிகூட, நனைந்தால் மறுபடி சுருண்டுகொள்கிறது. முடிக்கு இருக்கும் ரோசம் எனக்கு இருக்காதா?

அவள் பாடாத மேடையில் எனக்குச் சான்றிதழ் வேண்டாம். அதோ, கதவோரம் நிற்கிறாள். அம்மையாரே, நீங்கள் தலையசைத்தால் போதும்... அசைத்துவிட்டீர்கள்! நான் பார்த்தேன், ஊரே பார்த்தது!

வழிவிடுங்கள் தாய்மார்களே. வா கண்ணு, நிமிர்ந்து வா. அவள் குள்ளம், ஒலிவாங்கியை நானே இறக்கி வைக்கிறேன். என் மீதி நேரம் அவளுடையது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பாடப்போகும் அவளுக்கு வணக்கம்!