இல்லாத கல்

ஹலோ... ஆமா, ஸ்கோரர் மேசைதான். வெர்னன் பேசறேன். யாரு?... அனிபாலா? டேய், கால் சுளுக்குன்னு வெளிய அனுப்பினாங்களே, ஐஸ் வெச்சுக்கிட்டு படுத்திருக்க வேண்டியதுதானே?...

சரி, சரி... சீக்கிரம் சொல்லு. ஒம்பதாவது இன்னிங்ஸ் ஓடுது. ஆட்டம் முடிய இன்னும் ரெண்டே அவுட்டு.

ஆமா... ஆமா, ஞாபகமிருக்கு. மொத இன்னிங்ஸ்ல நீ ஷார்ட்ஸ்டாப் இடத்துல நின்னப்ப, ஒன்கிட்ட தரையோட வந்த பந்து. கடைசி நேரத்துல கல்லுல பட்டு எகிறிடுச்சு, நீ என்ன பண்ணுவ? ஒன் தப்பு இல்லன்னு அடிச்சவனுக்கு 'ஹிட்'னு எழுதினேன். அதுக்கென்ன இப்ப?...

என்னது?... கல்லே இல்லையா?

இரு, இரு. மறுபடி சொல்லு... பந்து கைக்கு வர்றதுக்குள்ள ஓடறவனப் பாத்துட்டியா?... ம்... கையில பட்டு நழுவுச்சா?...

அனிபால், யாரு உன்னப் பேசச் சொன்னது? மேனேஜரா? பந்து வீசற கிராடியா?... பக்கத்துல யாராச்சும் நிக்கறாங்களா?... சத்தியமெல்லாம் பண்ணாத, கேட்டதுக்குப் பதில் சொல்லு!...

தெரியும்பா. இன்னிக்கு கிராடி வீசினதுல போர்டுல நிக்கற ஒரே ஹிட்டு அதுதான். நீ விட்டதுன்னு மாத்தினா, அவன் கணக்குல ஹிட்டே கிடையாது... டேய்! டேய்! அந்த வார்த்தைய வாயில எடுக்காத! ஆட்டம் முடியறதுக்குள்ள சொன்னா கைக்கு வந்தது போயிடும்னு தெரியாதா? பேஸ்பால் ஆடறவன்தானே நீ?...

இங்க பாரு. 'எரர்'னு எழுதினா அது ஒன் தப்புன்னு ஒன் பேருல நிக்கும். இந்த வருஷம் பத்தொம்பதாவது. நாளைக்குக் காலையில டீம்ல யார வெச்சுக்கறது, யார வீட்டுக்கு அனுப்பறதுன்னு பாக்கப்போறாங்க. மொதல்ல இந்தத் தாளைத்தான் கையில எடுப்பாங்க... ஆமா... ஆமா, தெரிஞ்சுதான் பேசறியா?

ஒரு நிமிஷம்... அவுட்! ரெண்டாவது அவுட்டு. கூட்டமே எழுந்து நிக்குது.

மாத்தறதுக்கு நாளைக்கு வரைக்கும் எனக்கு டைம் இருக்குப்பா. இப்பவே எதுக்கு?... கிராடியோட அம்மா வந்திருக்காங்களா? எந்த வரிசை?... ஆமா, தெரியறாங்க. நீலத் தொப்பி. நகத்தக் கடிச்சிக்கிட்டு நிக்கறாங்க.

வீடியோ பாத்தேன்டா! ஒன் முதுகுதான் தெரியுது. நீ சொல்லலேன்னா ஒருத்தருக்கும் தெரியாது. கடைசியா கேக்கறேன், கல்லு இல்ல?... கையில பட்டுச்சு?...

சரி. நான் பாத்தது தப்பு, திருத்தறேன். ஜோலீன், மைக்க இப்படிக் குடும்மா... 'மொத இன்னிங்ஸ், ஹிட் இல்ல. ஷார்ட்ஸ்டாப் அனிபாலோட எரர்.' போர்டுலயும் மாத்திடு.

ஒண்ணு போயி சைபர் வந்துருச்சுடா! கேக்குதா சத்தம்? கிராடி திரும்பி போர்டையே பாக்கறான்... தொப்பியக் கழட்டி முகத்தத் தொடைக்கறான். நல்ல பையன்டா நீ! இன்னும் ஒரே ஒருத்தன், அப்புறம் ஒரு ஹிட்டு கூடக் குடுக்காத நோ-ஹிட்டர்...

ஐயோ. சொல்லிட்டேனே. என் வாய்...

...

அடிச்ச பந்து நடுவுல விழுந்துருச்சுப்பா. யாரும் கிட்டயே போகல. சுத்தமான ஹிட்டு. கிராடியோட நோ-ஹிட்டர் போச்சு.

...

அனிபால்... இருக்கியா?... அழாதடா. நான் சொல்றதக் கேளு. இனிமே அந்த எரரால யாருக்கும் லாபமில்ல. பழையபடி ஹிட்டுன்னே எழுதிடறேன். கல்லு இருந்துச்சு, நான் பாத்தேன், முடிஞ்சுது... நான்தான்டா ஸ்கோரர்! நான் இருக்குன்னா கல்லு இருக்கும்!...

வேண்டாமா?... ஏன்டா? நாளைக்கு உன்ன...

ம்... ம்...

சரி. இல்லதான். கல்லு இல்லதான்.

எரர்னே, பேனாவாலயே எழுதிட்டேன்... அனிபால்?... ஹலோ?...