பதினான்காம் பத்தி

தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்கச் சொல்கிற ஆள் நான். அதனாலேயே என்னிடம் குமாஸ்தாக்கள் நிலைத்ததில்லை, இன்ஸ்பெக்டர். உங்கள் ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வழக்கு உங்களுக்கும் தெரிந்ததுதான். கழக ஆட்சி, தஞ்சை ஜில்லாவில் நிலத்துக்காக வெட்டும் குத்துமாக இருந்த நேரம். குத்தகைதாரர் பட்டியலைக் கலெக்டரே விசாரணையில்லாமல் அறிவிக்கலாம், அதில் பெயர் உள்ளவருக்கே நிலம் என்று உத்தரவு வந்தது. அரசியல் சட்டம் நிர்வாகத்துக்கு அப்படியோர் அதிகாரம் கொடுக்கிறதா என்று கேட்டு மிராசுதார்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கின் இரண்டு தரப்பிலும் சேராமல் கோர்ட்டுக்கு யோசனை சொல்ல என்னை நியமித்தார்கள். அதற்கு நீதிமன்றத்தின் நண்பன் என்று பெயர். அமிர்தலிங்கம் என்ற என் சொந்தப் பெயரைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நானே போய் விசாரித்தேன். பட்டியலில் வீரையன் என்றொரு பெயர். அறுவடைத் தகராறில் காணாமல் போனவர். அவர் மனைவி காத்தாயி வாசலில் நின்றாள். கழுத்தில் தாலியில்லை, நெற்றியில் பொட்டில்லை.

"போயிட்டாருங்க" என்றாள்.

அதற்குமேல் கேட்பது நாகரிகமில்லை. பன்னிரண்டாம் தேதி தாக்கல் செய்த அறிக்கையில் பதினான்காம் பத்தியாக எழுதினேன்: இறந்துபோன வீரையனுக்கு நிலம் கொடுத்திருக்கிறது இந்த உத்தரவு, விசாரணையற்ற அதிகாரத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். மொத்த அறிக்கையும் அந்தப் பத்தியின்மேல்தான் நின்றது.

பதினேழாம் தேதி, சர்வே எண்ணைச் சரிபார்க்க மறுபடி போனேன். காலை பத்து மணி இருக்கும். வாய்க்காலில் இறங்கி ஒருவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன்.

"வீரையனுங்க. மிராசு ஆளுங்க வெட்டுறதுக்குத் தேடுனாங்க. செத்துட்டான்னு நம்பட்டும்னுதான் காத்தாயி தாலியக் கழட்டுனா. நான் பேராவூரணில தென்னந்தோப்புல கெடந்தேன். பட்டியல்ல பேரு வந்திருக்குன்னாங்க. இன்னிக்குத்தான் வந்தேன்."

நான் யாரென்று சொன்னேன். மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"நான் உசுரோட இருக்கேன்னு கோர்ட்டுல எழுதிடுங்கய்யா. மூணு மா நெலம். அதுக்குத்தான் இத்தனை பாடும்."

ஒரு பக்கத் திருத்த மனு போதுமே என்பீர்கள். பதினெட்டு வருஷ வக்கீல் தொழிலில் நான் ஒன்றுகூடப் போட்டதில்லை.

மண்வெட்டியை எடுத்தேன். முதல் அடி காதோரம் விழுந்தது. அவர் சாயவில்லை, தெரியாமல் பட்டுவிட்டது என்று நான் சொல்லக் காத்திருப்பவர்போல் என்னையே பார்த்தார். இரண்டாவது அடி பிடரியில். குப்புற விழுந்தார். முதுகில் ஏறி நின்றேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், அதனால் நேரம் பிடித்தது. விரல்கள் சேற்றைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. அடங்கியபின் உடலை ஆகாயத்தாமரைக்குள் தள்ளினேன். மண்வெட்டியைக் கழுவி வரப்பில் வைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.

காணவில்லை என்று காத்தாயியால் புகார் கொடுக்க முடியவில்லை. ஊருக்கு அவர் ஏற்கெனவே இறந்தவர்.

இருபதாம் தேதி நீதிபதி கேட்டார், பதினான்காம் பத்தி உறுதிதானா என்று. உறுதி என்றேன். உத்தரவு ரத்தானது. மறுநாள்தான் உடல் மிதந்தது. காத்தாயி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என்று பேப்பரில் படித்தேன். கழற்ற அவளிடம் ஒன்றுமில்லை.

அதே பேப்பரில்தான், மிராசு ஏஜெண்டு செல்லதுரையை நீங்கள் குற்றவாளியாகச் சேர்த்திருப்பதும் வந்திருந்தது. அது தவறு. தவறான ஆவணம் ஒன்று கோர்ட்டுக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அதற்காகத்தான் வந்தேன்.

என் பக்கமும் ஒரு பிழை உண்டு, மறைக்க விரும்பவில்லை. அறிக்கை தாக்கலானது பன்னிரண்டாம் தேதி. வீரையன் இறந்தது பதினேழாம் தேதி. அந்த ஐந்து நாளும் நான் கோர்ட்டுக்குச் சொல்லியிருந்தது உண்மையில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுத் திருத்த மனு எழுதி வந்திருக்கிறேன். என் தொழிலில் இதுதான் முதலாவது.