மூன்றாவது லைன்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார். உப்பு படிந்திருக்கும். எழுந்து போகும்போது பேண்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் உங்கள் ஆட்களே சிரிப்பார்கள். இந்த ஸ்டூலில் உட்காருங்கள், காலையில்தான் துடைத்தேன்.

இந்த அறையில் எதைத் தொட்டாலும் உப்புதான். கடல் தண்ணீர் ஓடுகிற இடத்தில் உப்பு காற்றோடு ஏறிப்போய்க் கதவுக் கீல், திருகு, கம்பி முனை என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் இரும்பைத் தின்றுவிடும். அதனால் எந்தத் திருகைக் கழற்றி மாட்டினாலும் அதன்மேல் ஒரு விரல் கிரீஸ் தடவிவிடுவேன். கை தானாகவே செய்துவிடும். அந்தப் பழக்கத்தால்தான் நீங்கள் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்க வந்தது என் மாமனார் செத்துப்போனதைப் பற்றி. சொல்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் தொட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

ஹாலில் பார்த்தீர்களே, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை உள்ளே கொண்டுவர வாசல் நிலையையே பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. தரையை உடைத்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டோம். வீடு ஒரு வருஷம் போர்க்களமாகக் கிடந்தது. என் மனைவி தூசியைப் பெருக்கிப் பெருக்கிச் சலித்துப்போய், "வீட்டுக்குள்ள மீன் வைக்கிறீங்களா, இல்ல மீனுங்களுக்கு நடுவுல வீடு வைக்கிறீங்களா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அது கிண்டல் செய்கிற விஷயமே இல்லை. பவளமும் மீனும் கடலில் சும்மா இருந்தவை. நாம் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தவன்தானே பொறுப்பு?

மாமாவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். என் மனைவி ஒரே பெண், அதனால் அவர் எங்களோடு இருந்தார். தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். ஆயுசு முழுக்க மரத்தூளைச் சுவாசித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு. குழாய் நீளமாக இருந்ததால் ஹால் வரைக்கும் வருவார். தொட்டிக்குப் பீடம் கட்டியபோது ஸ்டூலில் உட்கார்ந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தது அவர்தான். "ஒரு நூல் சாயுது மாப்பிள்ளை. தண்ணி நின்னதும் காட்டிக் கொடுத்துடும்" என்றார். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் பீடத்தை மறுபடி உடைக்கச் சொன்னேன். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்து மோட்டார் அறை. பெரிய தொட்டி என்றால் கண்ணாடியும் மீனும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையான தொட்டி இந்த அறைதான் சார். அங்கே தெரிவது வெறும் முகம், வயிறும் குடலும் இங்கே இருக்கின்றன. இதோ இந்த மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது. அந்த உருளை அழுக்கை நுரையாகத் தள்ளுகிறது. இது தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின். இதற்கெல்லாம் தரையில் சாக்கடைத் துவாரமும் தனித் தண்ணீர்க் குழாயும் வேண்டும், ஹால் சுவரோடு ஒட்டியும் இருக்க வேண்டும். வீட்டில் அப்படி ஒரே ஒரு அறை இருந்தது. அது மாமாவின் அறை.

நான் கேட்கவில்லை. அவரே கொடுத்தார். "நான் பக்கத்து ரூமுக்குப் போயிடறேன் மாப்பிள்ளை. கட்டில் போட இடம் இருந்தா போதாதா?" என்றவர், அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு, "இவ்வளவு பெரிய பேட்டரி வைக்கிறீங்களே, அதுலேர்ந்து என் மெஷினுக்கும் ஒரு லைன் இழுத்துக் குடுங்க. கரண்ட் போனா பயமா இருக்கு" என்றார்.

"கண்டிப்பா மாமா. இனிமே உங்களுக்குக் கரண்டே போகாது" என்றேன்.

அன்றைக்கு அதை மனசாரத்தான் சொன்னேன். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை ஆத்திர அவசரத்துக்கு என்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் மூலையில் நின்றுகொண்டிருந்தது. இனி எதற்கு என்று அவளே சொன்னாள். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் பெட்டியைப் பாருங்கள், கதவுக்குப் பக்கத்தில், ஐந்து ஸ்விட்ச். கரண்ட் போனதும் பேட்டரி வேலையை எடுத்துக்கொள்ளும். அது இறங்க இறங்க, பெட்டி தானாகவே மேலிருந்து ஒவ்வொரு லைனாக நிறுத்திக்கொண்டு வரும். மேலே இருப்பது முதலில் நிற்கும், அடியில் இருப்பது கடைசி வரை ஓடும். எலெக்ட்ரீஷியன் மாமாவின் லைனை அடியில் கொடுத்திருந்தார். அவருக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம்.

ஒரு நாள் கரண்ட் நீண்ட நேரம் வரவில்லை. பேட்டரி இறங்கி, குளிர்விக்கும் மெஷின் நின்றது, மோட்டாரும் நின்றது. மாமாவின் மெஷின் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் குடிக்கிற அளவுக்கு அதுவும் கரண்ட் குடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன், கொஞ்சம் காற்றாவது கலக்கட்டும் என்று. ஒரு மஞ்சள் மீன் இருந்தது. என் விரலிலிருந்தே தீனி எடுக்கும், நான் ஹாலுக்குள் வந்தாலே கண்ணாடியோரம் வந்து நிற்கும். அது என் கண் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடி, ஒருக்களித்துச் சாய்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன் சார், சொல்வதில் வெட்கம் இல்லை.

மாமா குழாயை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தார். என் தோளில் கை வைத்து, "விடுங்க மாப்பிள்ளை. மீன்தானே. வேற வாங்கிக்கலாம்" என்றார்.

ஆறுதலுக்குச் சொன்னது, எனக்குத் தெரியாதா? அந்த வார்த்தையை நான் மனசில் வைத்துக்கொண்டேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. நான் அந்த மாதிரி ஆள் கிடையாது.

மறுநாள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "இன்னொரு செட்டு பேட்டரி போட்டா ரெண்டும் தாங்கும் சார். இடம் மட்டும் காட்டுங்க" என்றார். இடம் இல்லை. அதோ அந்த மூலைதான் இருந்தது. அங்கே சின்னத் தொட்டி நிற்கிறது பாருங்கள், புதிதாக வரும் மீனுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று தனியாக வைத்துப் பார்ப்பதற்கு. அதை எடுத்துவிட்டால் ஒரு சீக்கு மீன் போதும், மொத்தத் தொட்டியும் காலி. அதனால் பிறகு பார்க்கலாம் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் நானே திருப்புளியை எடுத்தேன். வீட்டு விளக்கும் ஃபேனும் முதலில், தொட்டி விளக்கு இரண்டாவது. மாமாவின் லைனைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினேன். குளிர்விக்கும் மெஷின் நான்காவது, மோட்டார் அடியில். வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. எதையும் நான் துண்டிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வரிசையை மாற்றினேன், அவ்வளவுதான். கரண்ட் சீக்கிரம் வந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. சீக்கிரம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவர் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பார். எதற்கு அந்த வயசில்?

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மனைவி ஆபீசில் இருந்தாள். நான் இங்கே வந்து பெட்டிக்கு முன்னால் நின்றேன். முதலில் ஃபேன் நின்றது. வியர்த்துக் கொட்டியது. பிறகு தொட்டி விளக்கு. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது 'டக்' என்றது.

பக்கத்து அறையில் மெஷின் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் நின்றால் அது அப்படித்தான் கத்தும்.

"மாப்பிள்ளை, லைன் நின்னுடுச்சு போலிருக்கே" என்றார். குரலில் பதற்றம் இல்லை.

"இதோ பாக்குறேன் மாமா. நீங்க அலட்டிக்காம படுங்க."

"சரிப்பா."

அவர் கையில் போன் இருந்தது. மகளைக் கூப்பிட்டிருக்கலாம், டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பக்கத்து அறையில் நான் இருக்கிறேனே என்ற தைரியம். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஸ்விட்சை ஒரு விரலால் மேலே தள்ளினால் போதும், ஓடியிருக்கும். ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்து மோட்டார் நின்றுபோயிருக்கும். நான் மோட்டாரையே கவனித்துக்கொண்டிருந்தேன். அதன் சத்தம் மாறினால் உள்ளே காற்று போகிறது என்று அர்த்தம், உடனே பார்க்க வேண்டும். அந்தக் கீ கீ சத்தத்தில் மோட்டார் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை "மாப்பிள்ளை" என்றார், முன்னைவிட மெதுவாக. நான் போய் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கரண்ட் வந்து, வேலையெல்லாம் முடிந்த பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். கட்டிலிலிருந்து இறங்க முயற்சி செய்திருக்கிறார். காலைத் தூக்கிச் சரியாகப் படுக்கவைத்தேன். இங்கே வந்து, மூன்று லைனையும் கழற்றி, அவருடையதைப் பழையபடி அடியில் மாட்டினேன். மெஷின் கோளாறு என்றுதான் டாக்டரும் நினைத்தார். உங்கள் ஆட்கள் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோது, மாமாவின் லைனிலும் அதற்கு மேலே இருந்த இரண்டிலும் மட்டும் புதுக் கிரீஸ் இருந்திருக்கிறது. "நான் என்னைக்கும் கிரீஸ் தடவுனதில்லையே" என்றாராம் அந்த மனுஷன். கைப்பழக்கம் சார். அந்த நேரத்தில்கூட, உப்பு ஏறிவிடுமே என்றுதான் தோன்றியிருக்கிறது.

ஆக, லைனை மாற்றியது நான். அவர் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றதும் நான். ஸ்விட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, தள்ளவில்லை. அவர் சாவார் என்று தெரிந்தே தள்ளவில்லை. இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வரிக்குத்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. நான் பொய் சொன்னேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். நடந்தது இதுதான். கரண்ட் வந்ததும் நான் நேராக ஹாலுக்குப் போனேன். தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சின்னது வரைக்கும் பார்த்தேன். அத்தனையும் நீந்திக்கொண்டிருந்தன, ஒன்றுகூடச் சாயவில்லை. அப்போதுதான் அவள் போன் செய்தாள். "நம்ம தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிடுச்சாமே, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் நல்லா இருக்காங்க என்றேன். அது பொய் இல்லை சார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.