வாய்க்கரிசி வாங்கிய கை

சாயங்காலம் ஏழு தாண்டியிருக்கும். நசரத்பேட்டையிலிருந்து குத்தம்பாக்கம் போகிற ஏரிக்கரை ரோடு. அப்போதெல்லாம் அங்கே ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. வேம்புலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கேரியரில் ஒரு கோணிப்பை. பைக்குள்ளே ஒரு குரங்கு... தலை இல்லாத குரங்கு.

இதை எங்களுக்குச் சொன்னது மணவாளன். வேம்புலி அவனுக்கு அக்கா புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட். கரண்ட் போய் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. ஐந்து பேர் சாக்கின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். எழுபத்திரண்டில் நடந்தது என்றான்.

"தல எங்க மாமே? வூட்டாண்ட மறந்துட்டு வந்துட்சா?" என்றான் துலுக்கானம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"டாக்டராண்ட கீது. கண்ணாடி ஜாடில. சொல்றத கேளு." மணவாளன் சிரிக்கவில்லை.

நசரத்பேட்டை பக்கம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டடம். ஜனங்கள் கொரங்கு ஆபீசு என்பார்கள். வேம்புலிக்கு அங்கே கூண்டு கழுவுகிற வேலை. டாக்டர் ஒரு பெண் குரங்கைப் பழக்கி வைத்திருந்தார். பதினேழாம் நம்பர். நாற்காலியில் உட்கார வைத்து இடது கையை உடம்போடு வாரால் கட்டிவிடுவார்கள். வலது கை மட்டும் சும்மா இருக்கும். மண்டையில் ஒயர். ஒயர் போய்ச் சேருகிற மெஷினில் ஒரு பேனா, ஓடுகிற காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். கிர்ர்... கிர்ர்...

எதிரே இரண்டு தகர மூடி. குரங்கு பார்க்கும்போதே ஒன்றின் கீழே வேம்புலி வேர்க்கடலை வைப்பான். அப்புறம் நடுவில் திரை. பத்து எண்ணித் திரையைத் தூக்குவான். ஞாபகம் வைத்திருந்து சரியான மூடியைத் திறந்தால் கடலை. தப்பினால் ஒன்றுமில்லை. அதற்குச் சாப்பாடே அதுதான்.

திரை மூடியிருக்கும்போதும் பேனா ஆடும். "பாத்தியா, மறக்காம வச்சிருக்கு" என்பார் டாக்டர். திரை ஏறினதும் பேனா ஒரு துள்ளு துள்ளும். அதற்கப்புறம்தான் கை நகரும். "முடிவு பண்றது மூளைப்பா. கை வெறும் கூலியாள்."

வேம்புலியும் கூலியாள்தான். அடுத்த கடலையை எடுத்து வைத்தான்.

இரண்டு வருஷம் இப்படி. ஒருநாள், வேலை முடிந்தது என்று ஊசி போட்டார்கள். அறுத்துப் பார்க்கத் தலையை எடுத்துக்கொண்டு, உடம்பைக் குழியில் போட்டுக் கொளுத்தச் சொன்னார்கள். ஆஞ்சநேயரைக் கொளுத்துவானா வேம்புலி? குரங்கு செத்தால் மனுஷருக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்து புதைக்கிற ஜனம் அவனுடையது. அதோடு வீட்டில் பத்து மாசக் குழந்தை, புஷ்பா. முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்தப் பாவம் இவள் தலையில் விடியக் கூடாதென்றுதான் யாருக்கும் தெரியாமல் கோணிப்பையில் கட்டி எடுத்து வந்தான்.

ஏரிக்கரையில் ஒரு பனை மரத்தடியில் குழி தோண்டினான். சேற்று வாசனை. அதையும் மீறி மருந்து நெடி. மஞ்சள் தண்ணீர் ஊற்றினான். வாய்க்கரிசி போட மடியை அவிழ்த்து ஒரு பிடி அரிசி எடுத்தான். எடுத்த பிறகுதான்... வாய் இல்லையே.

பிணத்துக்கென்று எடுத்த அரிசியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மண்ணில் கொட்டவும் மனசு வரவில்லை. குரங்கின் வலது உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தான்.

விரல்கள் மூடின. மெதுவாக. ஒன்று... அப்புறம் ஒன்று... கடைசியில் கட்டைவிரல்.

விறைக்கிறது போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மண்ணைத் தள்ளினான்.

மறுநாள் காலையில் புஷ்பா பால் குடிக்கவில்லை. வேம்புலியின் பெண்சாதி சொர்ணம் சோற்றைக் குழைத்து ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டது. அழவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து எதிரே வெறுந்தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். தர்காவில் தாயத்து கட்டினார்கள். இரண்டாம் நாள் நாக்கு வறண்டது. மூன்றாம் நாள் கண் உள்ளே போய்விட்டது.

"இன்னாயா குந்திகினு கீற? இதுவும் போவப்போவுதுயா!" சொர்ணம் மார்பில் அடித்துக்கொண்டாள். "அந்த எடது கைய பாரு. மூணு நாளா ஒடம்போட ஒட்டிகினு கீது. இஸ்தாலும் வரமாட்டேங்குது."

வேம்புலி பார்த்தான். கட்டிப்போட்ட கை மாதிரி. ஆனால் கட்டு இல்லை.

குழியில் அரிசியை மூடின விரல்கள் ஞாபகம் வந்தன. வாய்க்குக் கொடுக்க வேண்டியதைக் கைக்குக் கொடுத்துவிட்டோம்...

எழுந்து போய் இரண்டு கொட்டாங்குச்சி எடுத்து வந்தான்.

"கொயந்த சாவுது, ஒனக்கு வெளயாட்டு கேக்குதா?"

வேம்புலி இரண்டையும் குழந்தை எதிரே கவிழ்த்தான். குழந்தை பார்க்கும்போதே ஒரு கொட்டாங்குச்சியின் கீழே ஒரு வாய்ச் சோறு வைத்து மூடினான். நடுவில் துண்டை விரித்துப் பிடித்தான். பத்து எண்ணினான். துண்டை எடுத்தான்.

கை நீண்டது. வலது கை. தயக்கமே இல்லை. கொட்டாங்குச்சியை ஒதுக்கி, சோற்றை அள்ளி வாயில் போட்டு மென்றது.

இடம் மாற்றி வைத்தான். சரியாக எடுத்தது. மறுபடியும். மறுபடியும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"அப்பால... பொயச்சிகிச்சா?" துலுக்கானத்தின் குரல் இறங்கியிருந்தது.

"பொயச்சிகிச்சி. எங்கக்கா அயுதுகினே சிரிச்சிது. இன்னும் சோறு கொணாறேன்னு அடுப்பாண்ட ஓடிட்சி."

அவள் போனதும் வேம்புலி குழந்தையை மடியில் தூக்கிக்கொண்டான். கையெல்லாம் சோறு. துடைத்துவிடலாம் என்று விரலைப் பிரித்தான். அவனைவிட பலமாக இறுக்கிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

மணவாளன் இருட்டில் எங்களைப் பார்த்துத் தன் கையை விரித்துக் காட்டினான். இரும்பு தூக்கித் தூக்கி எங்கள் எல்லார் கையும் ஒரே மாதிரிதான்.

பத்து மாசக் குழந்தை. அந்த உள்ளங்கை முழுக்க... வருஷக்கணக்கில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்த மாதிரி... கறுத்து, தடித்து, காய்ப்புக் காய்த்திருந்தது.